மூன்று வாக்கியத்துக்குள் சொல்லக் கற்றுக்கொடுத்த சனிக்கிழமை வகுப்பு

போன வருடம் ஜூன் மாதம். குளித்துவிட்டு வந்த விருந்தினர் ஒருவர் யுகாதா என்ற பருத்தி அங்கியின் வலப்பக்கம் மேலே வரும்படி கட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் வந்தார். பரிமாறிக்கொண்டிருந்த மூத்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜப்பானில் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. இது எனக்குத் தெரியும். ஜப்பானிய மொழியில் கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் என் வாயில் வந்தது முதலில் "ராங், ராங்", அப்புறம் "டெட் பாடி". அந்தப் பெண்மணியின் முகம் சுருங்கிவிட்டது. அறைக்குத் திரும்பிப் போனவர் அன்று இரவு சாப்பிட வரவேயில்லை. சாப்பாட்டை நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

நான் ராஜபாளையத்துக்காரி. தோக்கியோவுக்கு வந்து 11 வருடமாகிறது. வீடு நிஷி-கசாயில், நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. தோசாய் ரயிலில் ஏறி நிஹோம்பாஷியில் கின்சா ரயிலுக்கு மாறினால் அசாகுசா. அங்கே 12 அறைகள் உள்ள ஒரு ரியோகானின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். ரியோகான் என்றால் பாய் விரித்த அறைகளோடு இருக்கும் பழைய பாணி விடுதி. சென்னையில் கணினி நிறுவனத்தில் இருந்தவள், ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்தியவள். ஆனால் "கழற்றிய செருப்பை ஏன் வாசல் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் அதற்கு வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இல்லை. அலுவலக ஆங்கிலம் வேறு, இது வேறு.

ஜப்பானிய வழக்கங்களை வெளிநாட்டவருக்கு எளிய ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொடுக்கும் இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு வருவதற்கு முன்னால் ஓர் இணைய வகுப்பில் 38,000 யென் கட்டியிருந்தேன். அதில் கிடைத்தது நீளமான சொல் பட்டியல். கோத்தாத்சு என்றால் ஃபுட் வார்மர், அதாவது கால் சூடேற்றி. ஒமியாகே என்றால் சுவனீர். மோச்சி என்றால் ரைஸ் கேக். இரவெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். ஜனவரியில் ஓர் அமெரிக்க விருந்தினருக்கு மோச்சி போட்ட சூப்பைக் கொடுத்து "ரைஸ் கேக்" என்றேன். அவர் ஊரில் ரைஸ் கேக் என்பது நம் பொரி மாதிரி உப்பிய, உதிரும் பண்டம். முழுத்துண்டையும் வாயில் போட்டுத் திணறிப்போனார். மோச்சி தொண்டையில் சிக்கி ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வயதானவர்கள் உயிரே போகும் நாடு இது. அன்று எதுவும் ஆகவில்லை, ஆனால் எனக்குக் கை நடுங்கியது. பட்டியலில் இருந்த சொல் தப்பில்லைதான். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் வாயில் சாப்பாட்டை வைக்கப்போகிறார் என்பதைப் பட்டியல் போட்டவர் யோசிக்கவில்லை.

ரியோகானில் பாத்திரம் துலக்க வரும் அம்மா ஒருவர்தான் இந்தச் சனிக்கிழமை வகுப்பைச் சொன்னார். ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் ஒரு வாடகை அறை பிடித்து நடத்துகிறார்கள். காலை 10 மணி முதல் 11.30 வரை, மொத்தம் 10 வாரம். கட்டணம் 6,000 யென், அட்டைகளுக்குத் தனியாக 800 யென். பாடம் எடுப்பவர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் சென்செய் என்றுதான் கூப்பிடுகிறோம்.

14 பேர் இருந்தோம். வெளிநாட்டுக்காரி நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் 60 தாண்டியவர்கள். அவர்களில் பாதிப் பேர் தோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு வரும் வெளிநாட்டினருக்கு வழிகாட்ட வேண்டும் என்று வருடக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்கள். கொரோனாவால் போட்டி 2021-க்குத் தள்ளிப்போய், வெளிநாட்டுப் பார்வையாளர்கள் யாரும் வரக்கூடாது என்று ஆகிவிட்டது. படித்தது அப்படியே நெஞ்சில் தங்கிவிட்டது. இப்போது தெருவெல்லாம் சுற்றுலாப் பயணிகள். இவர்களுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று அந்த அறையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். அஞ்சலட்டை அளவில் 80 அட்டைகள். முன்பக்கம் ஒரு ஜப்பானியச் சொல்லும் மைக்கோட்டில் ஒரு படமும். பின்பக்கம் மூன்று வாக்கியம், அவ்வளவுதான். முதலாவது, அது என்ன. இரண்டாவது, அதை வைத்து என்ன செய்கிறோம். மூன்றாவது, ஏன். அகராதிச் சொல் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில். 12 வயதுப் பிள்ளைக்குப் புரியாத சொல் எதுவும் மூன்று வாக்கியத்துக்குள் வரக்கூடாது. ஒருவர் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் வெளிநாட்டவராக இருந்து கேட்க வேண்டும். நடுவில் ஒரு நிமிட மணற்கடிகாரம். மணல் தீர்ந்ததும் கேட்டவர் எதையாவது செய்து காட்ட வேண்டும்: எடுக்க, மடிக்க, கும்பிட, கடிக்க. செய்ய முடியவில்லை என்றால் சொன்னவர் திரும்பச் சொல்ல வேண்டும்.

மோச்சி அட்டையைப் புரட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒட்டும் அரிசியை வேகவைத்து வழவழவென்று ஆகும்வரை இடித்தது. மிகவும் இழுவையாக இருக்கும். சின்னச் சின்னதாகக் கடித்து நன்றாக மெல்லுங்கள். 'ஏன்' வர வேண்டிய மூன்றாம் இடத்தில் எச்சரிக்கை. "டேக் ஸ்மால் பைட்ஸ்" என்ற மூன்று சொல் ஜனவரியில் என்னிடம் இருந்திருக்கலாம்.

இரண்டாவது வாரம் சென்செய் ஒரு ஃபூரினைக் கொண்டுவந்தார், ஜன்னலில் தொங்கவிடும் கண்ணாடி மணி. எடோகாவா பகுதியில் அதை இன்னமும் வாயால் ஊதித்தான் செய்கிறார்கள். எடோ ஃபூரின் என்று பெயர். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். மெல்லிய கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவப்பில் இரண்டு தங்கமீன். வெளியே தடவினால் வழுக்குகிறது, படம் விரலுக்குத் தட்டுப்படவில்லை. உள்பக்கத்திலிருந்து தூரிகையை விட்டு வரைந்திருக்கிறார்கள். விளிம்பைத் தொட்டால் மட்டும் சொரசொரப்பு. முதலில் அதைக் குறை என்று நினைத்தேன். அந்தச் சொரசொரப்பை வேண்டுமென்றே விடுகிறார்கள், கண்ணாடிக் கோல் உரசும்போது ஒலி அதனால்தான் மாறுகிறது என்றார். மணியின் நாக்கில் ஒரு காகிதத் துண்டு தொங்குகிறது. காற்றைப் பிடிப்பது அதுதான்.

"இதைச் சொல்லுங்கள்" என்றார். எல்லாருக்கும் "விண்ட் சைம்" தெரியும், அதைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டோம். அப்புறம் என் பக்கத்தில் இருந்த 72 வயது அம்மா மெதுவாகச் சொன்னார்: இது கோடைக்கு உரிய மணி. ஜன்னலில் தொங்கவிடுவோம். சத்தம் கேட்டால் காற்று வருகிறது என்று தெரியும், உடம்பு கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் எல்லாமே சின்னச் சொற்கள்தான். ஆனால் சத்தத்தைக் கேட்டுக் குளிர்ச்சியாக உணரும் ஒரு ஊரையே அதில் சொல்லிவிட்டார். ரியோகானுக்கு ஒரு ஃபூரின் வாங்கி மாட்டியிருக்கிறேன். இந்த ஆகஸ்டில் விருந்தினர்கள் அதிகம் கேட்டது அதைப் பற்றித்தான்.

கோயில் விஷயத்துக்கு மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். பௌத்தக் கோயில் டெம்பிள், ஷிந்தோ என்ற ஜப்பானின் பழைய மதத்துக் கோயில் ஷ்ரைன் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. அசாகுசாவுக்கு வரும் ஒருவருக்கு அது எந்த வகையிலும் உதவாது. ஏனென்றால் சென்சோஜி என்ற பௌத்தக் கோயிலும் அதன் பக்கத்தில் அசாகுசா ஜின்ஜா என்ற ஷிந்தோ கோயிலும் ஒட்டியே நிற்கின்றன. 628-இல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி இருவர் வலையில் கன்னோன் என்ற பௌத்த தெய்வத்தின் சிலை சிக்கியது, அதுதான் சென்சோஜியின் தொடக்கம் என்பது ஐதீகம். அந்த அண்ணன் தம்பியும், தன் வீட்டையே கோயிலாக்கிய ஊர்ப் பெரியவரும் பக்கத்து ஜின்ஜாவில் தெய்வமாக இருக்கிறார்கள். மே மாதம் சான்ஜா திருவிழாவில் மிகோஷி என்ற பல்லக்கைத் தோளில் தூக்கிக் குலுக்குவது இந்த மூவருக்காகத்தான்.

இதற்குச் சென்செய் சொல்லிக்கொடுத்தது கையால் செய்யும் வழி. தோரி என்ற அந்தக் கம்ப வாசல் இருந்தால் உள்ளே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனிய வேண்டும். இல்லாத இடத்தில் கைதட்டக் கூடாது, சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும். "கிளாப் ஹியர், டோன்ட் கிளாப் தேர்." மதத்தின் பெயரை அப்புறம் கேட்டால் சொல்லலாம். நான் விருந்தினர்களுக்கு வரைபடத்தில் இரண்டு வட்டம் போட்டு இதைத்தான் சொல்கிறேன். திரும்பி வரும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே கேட்கிறார்கள்.

ஷிந்தோ தெய்வத்தைக் குறிக்கும் காமி என்ற சொல்லுக்குத்தான் வகுப்பில் பெரிய விவாதம். ஆங்கிலத்தில் காட் என்றதும் கேட்பவர் மனதில் உலகைப் படைத்த ஒரே கடவுள் வந்துவிடுகிறார். ஸ்பிரிட் என்றால் பேய் மாதிரி ஆகிவிடுகிறது. மரம், பாறை, மலை, மீன்பிடித்த மனிதர் எல்லாம் காமி ஆகலாம் என்பதை எந்த ஒற்றைச் சொல்லிலும் அடக்க முடியவில்லை. எனக்கு மட்டும் அது கஷ்டமாகவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டினால் அது சாமி. ஊரைக் காத்துச் செத்தவரும் சாமி. இங்கே பழைய மரத்தைச் சுற்றி வைக்கோல் கயிறு கட்டியிருப்பதை முதல் தடவை பார்த்தபோதே புரிந்துவிட்டது. இதை வகுப்பில் சொன்னேன். காமி என்றே சொல்லிவிட்டு, அப்புறம் கயிறு கட்டிய மரத்தைக் காட்டுவோம் என்று கடைசியில் முடிவானது. சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

எட்டாவது வாரம் உவேனோவுக்குக் கூட்டிப்போனார்கள். ஷினோபாசு குளத்தின் நடுவில் பென்தெந்தோ இருக்கிறது, பென்சாய்தெனின் கோயில். "இசைக்கும் செல்வத்துக்கும் தெய்வம்" என்று ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். இது எங்கள் சரஸ்வதி, எங்களிடம் வீணை, இங்கே பிவா என்று நான் சொன்னதும் அத்தனை பேரும் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். சரஸ்வதி சீனா வழியாக வந்தவர் என்று சென்செய்க்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் அட்டையில் இல்லை. "ஷி கேம் ஃபிரம் இந்தியா" என்று அங்கேயே பென்சிலால் எழுதிச் சேர்த்தார்.

அந்த வளாகத்தில் சுற்றிலும் நினைவுக் கற்கள். மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, சமையல் கத்திக்கு ஒன்று, ஃபுகு மீனுக்கு ஒன்று. இவற்றுக்கெல்லாம் பின்னால் இருப்பது குயோ என்ற சொல். அகராதியில் மெமோரியல் சர்வீஸ் என்று இருக்கும். இறந்த மனிதருக்கு என்றால் அது பொருந்தும். மூக்குக்கண்ணாடிக்கு மெமோரியல் சர்வீஸ் என்றால் கேட்பவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

சென்செய் எடுத்துக்காட்டிய உதாரணம் ஹரிகுயோ, ஊசிக்குச் செய்வது. தோக்கியோவில் பிப்ரவரி 8-ஆம் தேதி நடக்கிறது. சென்சோஜி வளாகத்திலேயே அவாஷிமாதோ என்ற சின்ன மண்டபம் இருக்கிறது. தையல் வேலை செய்பவர்கள் அந்த வருடம் ஒடிந்த, வளைந்த ஊசிகளைக் கொண்டுவந்து தோஃபு என்ற பெரிய சோயாக் கட்டியில் குத்தி வைக்கிறார்கள். "ஏன் தோஃபு?" என்று கேட்டார் சென்செய். யாருக்கும் ஆங்கிலம் வரவில்லை. அவரே சொன்னார்: "வி தேங்க் த நீடில். இட் ஒர்க்ட் ஹார்ட். நௌ இட் ரெஸ்ட்ஸ் இன் சம்திங் சாஃப்ட்." காலமெல்லாம் கெட்டியான துணியைக் குத்திக் குத்தி உழைத்த ஊசி, கடைசியில் மெத்தென்ற ஒன்றில் படுத்துக்கொள்ளட்டும்.

என் அம்மா தையல்காரி. ஆயுத பூஜை அன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுக்கத் தைக்க மாட்டார். ஒடிந்த ஊசியை ஒருநாளும் குப்பையில் போட மாட்டார், காலில் குத்தும் என்று ஒரு தைலப் புட்டியில் போட்டு வைப்பார். அந்தப் புட்டி இப்போதும் மிஷின் இழுப்பறையில்தான் இருக்கிறது. அன்று ராத்திரி போன் போட்டு இந்தத் தோஃபு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அடுத்த தடவை வர்றப்ப அந்தப் புட்டியை எடுத்துட்டுப் போ" என்றார். பிப்ரவரியில் கொண்டுபோகப் போகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. அவை வகுப்பு நன்றாக வளர வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுபவை.

பெரிய குறை, அந்த அட்டைகளை எழுதியவர்கள் மனதில் இருந்த வெளிநாட்டவர் வெள்ளைக்காரர் மட்டுமே. 80 அட்டைகளில் தேநீர்ச் சடங்குக்கு மட்டும் 14 இருக்கின்றன. சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. எங்கள் முன்மேசையில் தினமும் வரும் கேள்வி அதுதான். ஜப்பானியச் சமையலின் அடிப்படை தாஷி. பெரும்பாலும் கத்சுவோபுஷி என்ற உலர்த்திய சூரைமீன் சீவலையும் கொம்பு என்ற கடற்பாசியையும் கொதிக்கவைத்து இறுத்த நீர். மிசோ சூப்பில், சோபா நூடுல்ஸின் குழம்பில், உருட்டிய முட்டையில், கீரைக் கூட்டில் எல்லாம் அது இருக்கும். காய்கறி மட்டும்தான் தெரிகிறது, ஆகவே வெஜிடேரியன் என்று நல்ல மனதோடு சொல்லிவிடுகிறார்கள். மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பாட்டி மிசோ சூப்பைப் பாதி குடித்துவிட்டு, "அக்கா, இதுல மீன் வாடை வருதே" என்று தன் பேத்தியை விட்டு என்னிடம் கேட்கச் சொன்னார். அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது? வெளியில் ஓர் உணவகத்தில் நடந்தது, எங்கள் விடுதியில் இல்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே போல மிரின் என்ற இனிப்பான சமையல் திரவத்தில் சாராயம் இருப்பதை இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் முஸ்லிம்களுக்குச் சொல்லியாக வேண்டும். கொம்பும் ஷியிதாகே காளானும் போட்ட தாஷி உண்டு, பௌத்தத் துறவிகளின் ஷோஜின் ரியோரி என்ற சைவச் சமையல் உண்டு. கேட்டால் கிடைக்கும். கேட்பதற்கும் சொல்வதற்கும் சொல் வேண்டும்.

குளியலைப் பற்றி ஒரே ஓர் அட்டைதான். உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பதற்கெல்லாம் தனித்தனி அட்டை வேண்டும்.

அப்புறம், விளக்கம் எல்லாம் ஜப்பானிய மொழியில். நடுத்தர ஜப்பானியமாவது தெரியாமல் உட்கார முடியாது. கணவர் வேலைக்காக வந்து இங்கே புதிதாகக் குடியேறியிருக்கும் நம் பெண்களுக்கு இது இப்போதைக்குச் சரிப்படாது. சனிக்கிழமை காலை என்பது விடுதி, உணவக வேலையில் இருப்பவர்களுக்குக் கஷ்டமான நேரம். நான் பத்தில் இரண்டு வாரம் தவறவிட்டேன். ஒலிப்பதிவு செய்ய அனுமதி இல்லாததால் அவை போனது போனதுதான்.

சுற்றுலா வழிகாட்டி உரிமத்துக்கான அரசுத் தேர்வுக்குத் தயார் செய்பவர்களுக்கு இது மட்டும் போதாது. அந்தத் தேர்வில் புவியியல், வரலாறு, பொது அறிவு எல்லாம் எழுத்தில் உண்டு. வாய்மொழித் தேர்வில் மூன்று தலைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 30 வினாடி யோசித்து, 2 நிமிடம் பேச வேண்டும். 1949-இல் வந்த சட்டப்படி உரிமம் இல்லாமல் காசு வாங்கி வழிகாட்ட முடியாது என்று இருந்தது. 2018-லிருந்து அந்தக் கட்டுப்பாடு இல்லை, உரிமம் பெற்றவர் என்ற பட்டத்தை மட்டும் மற்றவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. தேர்வு நடக்கும் 10 மொழிகளில் தமிழ் இல்லை. ஆகவே நம்மவர்கள் எழுதுவதானால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வாய்மொழிப் பகுதிக்கு மட்டும் இந்த மணற்கடிகாரப் பயிற்சி நல்ல அடித்தளம்.

விடுதி, கடை, உணவகம் என்று வெளிநாட்டவரோடு பழகும் வேலையில் இருக்கிறீர்கள், ஜப்பானியம் ஓரளவு வரும் என்றால் தயங்காமல் சேரலாம். இங்கே படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா வரப்போகிறார்கள் என்றாலும் உதவும். நான் அந்த மூன்று வாக்கியத்தை இப்போது தமிழிலும் செய்து பார்க்கிறேன். ஐந்துக்கு நான்கு மார்க் கொடுப்பேன்.

யுகாதாவுக்கும் ஓர் அட்டை உண்டு. "லெஃப்ட் சைட் ஆன் டாப், ஆல்வேஸ்." எங்கள் விடுதியில் ஒவ்வோர் அறையிலும் மடித்த யுகாதாவின்மேல் இந்த வாக்கியத்தைப் படத்தோடு வைக்கிறோம். இறந்தவர் பேச்சை, யாராவது ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்கிறேன்.

கடைசி வாரம் தாஷிக்கு ஓர் அட்டை நானே எழுதிக்கொண்டுபோய்ச் சென்செயிடம் கொடுத்தேன். தெளிந்த நீர் மாதிரி இருக்கும். ஏறக்குறைய எல்லாக் குழம்பிலும் இதைச் சேர்ப்போம். மீனைக் கொதிக்கவைத்து எடுத்தது, ஆகவே மீன் சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் 'ஃபிஷ் ஸ்டாக்' என்று எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து ஸ்டாக்கை அடித்துவிட்டு, "பாட்டிக்கு இது புரியுமா?" என்று கேட்டார். 'ஃபிஷ் வாட்டர்' என்று நான் மாற்றி எழுதினேன். ஏப்ரலில் தொடங்கும் வகுப்புக்கு அச்சாகும் தொகுப்பில் அது 81-ஆவது அட்டை.